பாதாளக் கரண்டி மாட்டிய கப்பல்

என் அத்தையைக் கடல் தாண்டி அனுப்பி வைத்தது யார்? மாமாவா, மணியக்காரர் வீட்டம்மாவா, அல்லது அத்தையைப் போகவிடாமல் தடுப்பதற்காக ஒன்பது வயதில் நான் செய்து சுவரில் மாட்டிய மரக்கப்பலா? பதினைந்து வருஷமாக இதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அந்தக் கப்பல் இப்போது என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அதன் கீழே என் ஐந்து வயது மகள் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பற்றித்தான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆனால் கப்பலைச் சொல்லாமல் அதைக் கேட்டால் புரியாது. இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில், என்னைப் போலச் சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை யோசிக்கும் சகோதரிகள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

எங்கள் ஊர் காரிமங்கலத்துக்குப் பக்கம். மழை பெய்தால் கேழ்வரகு, பெய்யாவிட்டால் கொள்ளு. கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் ஓசூர் பக்கமாகக் கையைக் காட்டுவார்கள். என் அப்பா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். தேசப்படத்தில் நீலமாக இருக்கும் இடத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டி எத்தனையோ பிள்ளைகளுக்குக் கடலைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவரும் கடலைப் பார்த்ததில்லை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் ஆகியும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மாமா கொழும்புத் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவர். கல்யாணத்துக்காக வந்தவர் பதினோரு நாள் இருந்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். அங்கே வீடு பார்த்துவிட்டு வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு. எனக்கு அந்த இரண்டு வருஷமும் பண்டிகைதான். அத்தையோடு ஒரே பாயில் படுத்தேன். தலை பின்னுவதும் அவள்தான், மடியில் நிலக்கடலை கட்டிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாக நீட்டுவதும் அவள்தான். உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருக்கும் அப்பா பார்க்காததுபோல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அந்த மார்கழியில் மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. தைப் பொங்கல் கழித்து வருகிறேன், வீடு கிடைத்துவிட்டது, கூட அழைத்துப் போகிறேன் என்று. மாமாவின் கடிதங்கள் எல்லாம் அப்பா பெயருக்குத்தான் வரும். அப்பா அவற்றைக் கூடத்தில் நின்று பாடம்போல உரக்கப் படிப்பார். நலம், நலமறிய ஆவல் முடிந்ததும் மீதி முழுவதும் கப்பல்தான். இன்று இத்தனை பாய்மரத்தோடு ஒரு கப்பல் வந்தது, நேற்று ஒன்று போனது, இன்று அலை பெரிதாக இருந்தது. படித்து முடித்து அப்பா சொல்வார், மாப்பிள்ளைக்குக் கடல் பைத்தியம், ஒரு நாள் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது போலிருக்கிறது என்று.

இந்தக் கடிதத்தைக் கேட்டுவிட்டு அத்தை அடுப்படிக்கு வந்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"நான் போவலீங்க அண்ணி. எனக்குத் தண்ணி மேல போறதுன்னா ஆவாது."

அம்மா சிரித்தாள். அத்தை எங்கள் கிணற்றில் மீனைப்போல நீந்துகிறவள். சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு ஆறு வயதிலேயே குதித்தவள். அதற்கு அத்தை சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிணற்றுக்குச் சுற்றிலும் சுவர் இருக்கிறது, கை வலித்தால் பிடித்துக்கொள்ளலாம், கடலில் எதைப் பிடிப்பது என்றாள். ஒரு ஆடிப் பெருக்குக்கு ஒகேனக்கல் போனபோது பரிசல்காரர் வேடிக்கை காட்டப் பரிசலைப் பம்பரமாகச் சுற்றிவிட, அத்தை அப்பாவின் புது வேட்டியில் வாந்தி எடுத்துவிட்டாளாம். வட்டப் பரிசலுக்கே இப்படி என்றால் கப்பல் எப்படிச் சுற்றும் என்று அவள் கேட்டாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

என் யோசனை சுலபமானது. மாமாவுக்குக் கடல் வேண்டும். அத்தைக்குக் கடல் ஆகாது. கடலையும் கப்பலையும் எங்கள் கூடத்துச் சுவரில் கொண்டுவந்து மாட்டிவிட்டால் மாமா அதைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்துவிடுவார். அத்தையிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பழைய மரம் கிடக்கிறது, வா பார்க்கலாம் என்றாள். அவளும் ஒரு நிமிஷம் அதை நம்பினாளா? இதுவும் எனக்குத் தெரியவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் இருந்தவை இவை: தேய்ந்துபோன ஒரு கலப்பை. கறையான் ஓரத்தைத் தின்ற ஒரு பழைய கதவு. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையில் ஓடி ஓடிக் குழி விழுந்த மர உருளை. அறுந்த வடக்கயிறு. உடைந்த மண்ணெண்ணெய்ப் பெட்டிகள். அம்மா தூக்கிப் போட்டிருந்த, ஒரு பக்கம் பிளந்த மோர் மத்து. எல்லாவற்றிலும் எறும்பு. கலப்பையைப் புரட்டியபோது ஒரு தேள் ஓடியது. அத்தை அதைச் செருப்பில்லாத காலால் அல்ல, கலப்பையாலேயே நசுக்கிவிட்டு, இது கப்பலின் முதல் சண்டை என்றாள்.

கப்பல் எப்படி இருக்கும் என்பதற்கு எங்களிடம் ஒரே ஒரு படம்தான் இருந்தது. ஒரு தீப்பெட்டியின் மேல்தாள். இரண்டு விரல் அகலம். அதைச் சோற்றுப் பசையால் கதவில் ஒட்டி வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தோம். அத்தை கோடாலியால் கலப்பையை நீளவாக்கில் பிளந்தாள். ஒரே போடு. வளைந்த அந்தப் பாதி, கதவுப் பலகையின்மேல் படுத்ததும் நிஜமாகவே கப்பலாகிவிட்டது. மோர் மத்து பாய்மரம். அதன் தலை மேலே பூப்போல விரிந்திருந்தது. படத்திலும் பாய்மரத்தின் உச்சியில் ஏதோ ஒன்று இருந்ததால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். உருளை கப்பலின் சக்கரம். அப்பாவின் கிழிந்த வேட்டி பாய். மண்ணெண்ணெய்ப் பெட்டிப் பலகையைக் கொடுவாளால் சீவி அலைகள் செய்தோம். நாங்கள் பார்த்த ஒரே பெரிய தண்ணீர் ஒகேனக்கல் அருவி. அதனால் எங்கள் அலைகள் எல்லாம் மேலிருந்து கீழே விழுந்தன. பெட்டியிலிருந்து பிடுங்கிய ஆணிகளை அம்மிக்குழவியால் தட்டி நிமிர்த்துவது என் வேலை. இடது கைக் கட்டைவிரல் நகம் கறுத்துப்போய், விழுந்து, புதிதாக முளைத்தது. மண்ணெண்ணெய் வாசனையும் கறையானுக்காக மரத்தில் தடவிய புங்க எண்ணெய் வாசனையும் சேர்ந்து எங்கள் கூந்தலிலேயே இருந்தது.

கடலுக்கு நிறம் கொடுப்பதில் வீட்டில் சண்டை வந்தது. அப்பா நீலம் என்றார். தேசப்படமே சாட்சி. அம்மா ஒப்பவில்லை. எந்த ஊரிலும் தண்ணீர் மண்ணின் நிறமாகத்தான் இருக்கும், நம் ஏரியைப் போய்ப் பாருங்கள் என்றாள். வாத்தியார் வீடு என்பதால் நீலம் ஜெயித்தது. சலவைக்கு வைத்திருந்த நீலப் பொட்டலம் முழுவதையும் கரைத்துவிட்டோம். அந்த மாதம் முழுவதும் அப்பா பழுப்பேறிய வேட்டியோடு பள்ளிக்கூடம் போனார். அம்மா அதைப் பார்த்துப் பார்த்து, உங்கள் வெள்ளையெல்லாம் கடலுக்குப் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆனால் அவளும் சும்மா இருக்கவில்லை. கரையிலிருந்து கப்பலுக்கு எப்படிப் போவார்கள் என்று யோசித்து, பிய்ந்த கூடையின் அடிப்பாகத்தை ஒரு சின்னப் பரிசலாகக் கப்பல் ஓரத்தில் கட்டிவிட்டுப் போனாள்.

ஒன்றுதான் பாக்கி. தீப்பெட்டிப் படத்தில் கப்பலின் முன்பக்கம் கயிற்றில் கொக்கி கொக்கியாக ஒன்று தொங்கியது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பாதாளக் கரண்டி. கிணற்றில் விழுந்த குடத்தையும் வாளியையும் துழாவி எடுக்க, கயிற்றில் கட்டி இறக்கும் இரும்புக் கொக்கிக் கொத்து. கப்பலில் அது எதற்கு என்று அத்தை கேட்டாள். கடல் தண்ணீர் உப்பு, அப்பா சொல்லியிருக்கிறார், ஆகவே குடிப்பதற்குக் கப்பலில் ஒரு கிணறு இருக்கும், கிணறு இருந்தால் குடம் விழும் என்றேன். அப்பாவிடம் போய்க் கேட்டோம். அவர் கொஞ்சநேரம் யோசித்து, இருக்கும் என்றார்.

எங்கள் தெருவுக்கெல்லாம் ஒரே பாதாளக் கரண்டி, மணியக்காரர் வீட்டில். அதை வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. சும்மா கொடுக்க மாட்டார்கள். ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டு வாங்க வேண்டும். விளக்கு வைப்பதற்குள் கரண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பாத்திரத்தை மீட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை ஈட்டுப் பாத்திரத்தை அவர்கள் தொட்டுப் புழங்கக் கூடாது. அத்தை தன் கல்யாணச் சீரில் வந்த, பேர் வெட்டிய பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு போனாள். எங்கள் வாளி கிணற்றில் விழுந்துவிட்டது என்று பொய் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன்.

கப்பலைச் சுவரில் ஏற்றி, முன்பக்கம் ஒரு வண்டி ஆணி அடித்து, வடக்கயிற்றில் கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டோம். சகோதரிகளே, அவ்வளவு அழகான ஒன்றை அதற்குப் பிறகு நான் செய்ததில்லை. கழற்ற மனம் வரவில்லை. விளக்கு வைத்தாயிற்று. மறுநாளும் ஆயிற்று. மணியக்காரர் வீட்டம்மா தெருவில் நின்று கூப்பிடப் போகிறார்கள் என்று பயந்துகொண்டே இருந்தோம். அவர்கள் குரல் வழக்கமாகக் காரிமங்கலம் சந்தை வரைக்கும் கேட்கும். ஆச்சரியம், அவர்கள் வரவே இல்லை. எங்களைக் கண்டால் அவர்களே சந்துக்குள் திரும்பினார்கள். அவர்களைக் கண்டால் நாங்கள் திரும்பினோம்.

நாலாம் நாள் காலை பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, தோல் பெட்டி. கூடத்துக்குள் வந்தவர் பெட்டியைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே விழும் அலைகளைப் பார்த்தார். மத்தைப் பார்த்தார். பரிசலைத் தொட்டு, நாங்கள்கூட இப்படித்தான் சின்னப் படகில் போய்க் கப்பலேறுவோம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மாமா கரண்டியைத் தொட்டார்.

"நங்கூரம்கூட வெச்சிருக்கியே கண்ணு. யார் சொன்னா உனக்கு?"

அது கிணற்றுக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. கப்பலில் கிணறு இல்லை, தொட்டிதான் என்றும், இதே மாதிரிக் கொக்கியைத்தான் கடலுக்கு அடியில் இறக்குவார்கள் என்றும், அது மண்ணைக் கவ்விக்கொண்டால் எவ்வளவு பெரிய கப்பலும் நகராமல் நிற்கும் என்றும் சொன்னார். நகராமல் நிற்கும் என்ற சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. அத்தை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். நம் காரியம் பலித்துவிட்டது என்று அர்த்தம்.

கொழும்பு மாப்பிள்ளையைப் பார்க்கத் தெருவே வந்தது. மணியக்காரர் வீட்டம்மாவும் வந்தார்கள். வந்தவர்கள் மாமாவைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்கள்.

"எங்க வூட்டுக் கரண்டி மாதிரி இருக்குதுங்களே வாத்தியாரே."

அப்பாவுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவர் முகம் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அத்தையின் பொய்யும் என் தலையாட்டலும் ஊர் நடுவே வந்துவிட்டது. அப்பா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இப்போதே கழற்றித் தருகிறேன், எங்கள் செம்பைக் கொடுத்துவிடுங்கள் என்றார். அவ்வளவு பெரிய குரல்காரி, அப்போது பேசியது யாருக்கும் கேட்கவில்லை. அம்மாதான் கிட்டே போய், என்னங்க சொல்றீங்க என்றாள்.

"செம்பு கெணத்துல வுழுந்துருச்சும்மா. நல்ல செம்பா இருக்குதேன்னு ஒரு வாட்டி மொண்டேன், அவ்ளோதான். எடுக்கலாம்னா கரண்டி உங்க வூட்ல இருக்குது."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அப்பாவாக இருக்கலாம். கூடம் முழுவதும் சிரித்தது. ஈட்டுப் பாத்திரத்தைத் தொட்டதால் அவர்களால் வாய் திறக்க முடியவில்லை, பொய் சொன்னதால் எங்களால் முடியவில்லை. நாலு நாள் தெருவில் ஒளிந்து ஒளிந்து நடந்திருக்கிறோம்.

எல்லோரும் மணியக்காரர் வீட்டுக் கிணற்றுக்குப் போனோம். அவசரத்தில் கரண்டியை அதே வடக்கயிற்றோடு இறக்கிவிட்டார்கள். அது அலங்காரக் கயிறு, ஏற்கெனவே அறுந்தது. இரண்டு துழாவலில் மறுபடி அறுந்தது. கரண்டியும் உள்ளே போய்விட்டது. விழுந்ததை எடுப்பதே விழுந்துவிட்டால் என்ன செய்வது? கிணற்றைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் மெல்ல மாமா பக்கம் திரும்பினார்கள். கடல்காரர் அல்லவா. யாரோ அவருக்கு வழிகூட விட்டார்கள்.

மாமா சட்டைப் பித்தானைத் தொட்டார். விட்டுவிட்டார்.

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

ஊர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அத்தை மட்டும் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவரை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இடுப்பில் புதுக் கயிற்றைக் கட்டி மறு நுனியை மாமா கையில் கொடுத்துவிட்டு, கிணற்றின் பக்கக் கற்களில் கால் வைத்து இறங்கினாள். மாமா வெள்ளைச் சட்டையோடு சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டார். அவள் மூழ்கும்போதெல்லாம் வாய்விட்டு எண்ணினார். பத்தைத் தாண்டினால் குரல் நடுங்கியது. முதலில் கரண்டி வந்தது. மூன்றாம் முழுக்கில் செம்பு வந்தது. மேலே வந்த அத்தை, எழுந்து நின்ற மாமாவின் சேற்றுச் சட்டையைப் பார்த்துச் சிரித்தாள். அவளோடு அவரும் சிரித்தார்.

அன்று மாலை அடுப்படியில் அத்தை அம்மாவிடம் சொன்னாள். நான் பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன்.

"நீஞ்சத் தெரியாத மனுசன தனியா தண்ணி மேல அனுப்ப முடியுங்களா அண்ணி? நான் கூடப் போறேன்."

மொச்சையை முறத்தோடு தள்ளிவிட்டுக் கூடத்துக்கு ஓடினேன். கப்பலின் முன்பக்கம் ஆணி மட்டும் இருந்தது. கரண்டியை மணியக்காரர் வீட்டம்மா ஈரத்தோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நங்கூரத்தை எடுத்துவிட்டார்கள், அதனால்தான் கப்பல் புறப்பட்டுவிட்டது என்று அழுதேன். எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். யாரும் அதனால் இல்லை என்று சொல்லவில்லை.

பஸ் ஏறும்போது அத்தை கப்பலை எனக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. கப்பல் பரிசல்போலச் சுற்றவே இல்லையாம். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வரை வாந்தி எடுத்தது மாமாதானாம். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தது அத்தையாம். கரையோரம் கடல் நம் ஏரி மாதிரி கலங்கித்தான் இருக்கிறது என்று அண்ணியிடம் சொல்லவும் என்று எழுதியிருந்தாள். அம்மா அந்த வரியை அப்பாவை மூன்று தடவை படிக்க வைத்தாள்.

உலக யுத்தம் முடிந்து அத்தை வந்திருந்தபோது இதையெல்லாம் பேசிச் சிரித்தோம். அப்போதுதான் ஒன்று சொன்னாள். மாமாவுக்குக் கடல் பைத்தியம் எல்லாம் கிடையாதாம். மைத்துனர் உரக்கப் படிக்கப்போகும் கடிதத்தில் மனைவிக்கு வேறு எதை எழுதுவது என்று தெரியாமல் கப்பலை எழுதினாராம். அவளும் கடலுக்குப் பயப்படவில்லையாம். பதினோரு நாள் பழகிய ஆளோடு அவ்வளவு தூரம் போவதுதான் பயமாம். அதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? தண்ணீர் மேல் பழியைப் போட்டாளாம். எவ்வளவு பெரியவர்கள் இருந்த வீடு, ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டில் எனக்குத் தோன்றாமல் எது நடந்துகொண்டிருக்கிறதோ என்ற பயமும் அன்றே தொற்றிக்கொண்டது.

இப்போது என் விஷயம். நாங்கள் இருப்பது மாரண்டஹள்ளிக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். இங்கே நல்ல பள்ளிக்கூடம் இல்லை. வருகிற ஜூனில் மகளை என் அப்பா அம்மாவிடம் விட்டுப் படிக்க வைக்கலாம் என்கிறார் அவள் அப்பா. என் அப்பாவும் கடிதம் எழுதிவிட்டார். நியாயம்தான் என்று காலையில் தோன்றுகிறது. மத்தியானம் அவள் என் மடியில் தலை வைத்துத் தூங்கும்போது, ஐந்து வயதில் எப்படி அனுப்புவது என்று தோன்றுகிறது. அவளிடம் கேட்டால், அம்மா, நீ என்ன சொல்றியோ அது என்கிறாள். தான் என்ன சொல்ல வேண்டும் என்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு சொல்கிறாளோ என்னவோ.

போன வாரம் சந்தையில் ஒரு பாதாளக் கரண்டி வாங்கினேன். எங்கள் கிணற்றுக்குத்தான் வாங்கினேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கால்கள் கப்பலிடம்தான் போயின. பதினைந்து வருஷமாக வெறுமையாக இருந்த அந்த ஆணியில் மாட்டிவிடலாம் என்று கையைத் தூக்கினேன். ஆணி காலியாக இல்லை. எப்போது செய்தாளோ, முக்காலி போட்டு ஏறி, தன் சிலேட்டுப் பையை அதில் மாட்டி வைத்திருக்கிறாள். உள்ளே சிலேட்டு, இரண்டு பலப்பம், ஊருக்குப் புறப்படுகிறவள்போல மடித்து வைத்த ஒரு பாவாடை.

அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கரண்டி இன்னும் என் கையெட்டும் தூரத்தில் அடுப்படி மூலையில் இருக்கிறது. குழந்தையை இந்த வயதில் வெளியூருக்குப் படிக்க அனுப்பியவர்கள் உங்களில் இருப்பீர்கள். மனம் வராமல் கூடவே வைத்துக்கொண்டவர்களும் இருப்பீர்கள். அந்தப் பையை எடுத்துவிட்டுக் கரண்டியை மாட்டட்டுமா, அல்லது பை அங்கேயே இருக்கட்டுமா? ஜூன் மாதத்துக்குள் தயவுசெய்து எழுதுங்கள்.